நான்காம் அறைக்கு வராதவர்கள்

தராசு சரிபார்ப்பவரின் வயிறு அதுவரை அவரைக் கைவிட்டதில்லை. இருபத்திரண்டு வருடமாக ஊர் ஊராகப் போய், கடைகளிலும் கிடங்குகளிலும் உள்ள தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவர் வேலை. போகிற இடத்தில் கிடைத்ததைத் தின்றார். ஈ உட்கார்ந்த ரொட்டி, எந்தக் காலத்து எண்ணெயிலோ பொரித்த மீன், பேருந்து நிலையத்துத் தேநீர், எதுவும் அவரை அசைத்ததில்லை. "உங்க வயித்துல கல்லைப் போட்டாலும் கரைஞ்சிடும்" என்பாள் அவர் மனைவி. அந்த வயிறு கடைசியில் கவிழ்ந்தது உணவுத் தூய்மை ஆணையத்தின் தலைமையகத்தில். நாட்டிலுள்ள சமையலறைகளுக்கெல்லாம் தரச் சான்று வழங்கும் அந்த ஆணையம் தானே நடத்துகிற மாதிரி உணவகத்தில்.

ஆணையத்தின் சோதனைக்கூடத்தில் பதினெட்டுத் தராசுகள் இருந்தன. இரண்டு நாள் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தார். வாயிலிலேயே காவலாளி அவருடைய செல்போனை வாங்கித் துணிப்பையில் போட்டுக் கட்டினார். சோதனைக் கருவிகளுக்கு அது ஆகாதாம். வளாகத்துக்குள் இருந்த விருந்தினர் விடுதியில் நான்காம் எண் அறையைக் கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுக்க மட்டும் முடிகிற ஒரு பழைய தொலைபேசி. அலமாரியைத் திறந்தால் உள்ளே ஒரு நீலச் சட்டை, துவைத்துத் தேய்த்துத் தொங்கியது. முன்பு தங்கியவர் யாரோ மறந்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்து, தன் சட்டையை அதன் பக்கத்தில் மாட்டினார்.

மதியத்துக்குள் ஆறு தராசுகளைப் பார்த்து முடித்தார். பெட்டியிலிருந்து எடைக்கற்களை இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஆறும் நூறு கிராமுக்கு நான்கு கிராம் குறைத்துக் காட்டின. கூடவே நின்ற சோதனைக்கூடத் தலைவரிடம் சொன்னார். அவரை அங்கே எல்லோரும் டாக்டர் என்றுதான் அழைத்தார்கள்.

"ஆறுமே தப்பாவா காட்டுது?" என்றார் டாக்டர்.

"ஆமா சார். எல்லாம் நாலு நாலு கிராம்."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, ஒண்ணு கூட மாறலை. எல்லாம் ஒரே மாதிரி தப்பு. இதுக்குப் பேர்தான் சார் தரம்."

மாதிரி உணவகத்தின் வாசலில் ஒரு கண்ணாடிப் பேழை இருந்தது. உள்ளே பட்டுத்துணி விரித்து, அதன்மேல் ஆணையத்தின் புகார்ப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். முதல் பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பத்து வருடமாக ஒரு புகாரும் எழுதப்படாத புத்தகம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து காட்டுவார்கள் என்று விடுதிக் கண்காணிப்பாளர் பெருமையாகச் சொன்னார். பேழையின் பூட்டுக்குச் சாவி இயக்குநரிடம் மட்டும் இருந்தது. வரும் வியாழக்கிழமை பத்தாண்டு நிறைவு விழா. அமைச்சர் வருகிறார்.

அன்று மதியத்துக்கான கோழிக்கறி காலை ஒன்பது மணிக்கே தயாராகிவிட்டது. ஆனால் மூன்று அதிகாரிகள் அதைப் பார்த்து "புதியது" என்று கையெழுத்துப் போட்டால்தான் பரிமாறலாம். முதல் அதிகாரி ஒன்பதரைக்குப் போட்டார். இரண்டாமவர் கூட்டத்தில் இருந்தார். மூன்றாமவர் விடுப்பில் இருந்ததால் அவர் வீட்டுக்கு ஆள் போய்க் கையெழுத்து வாங்கி வர வேண்டியிருந்தது. வெயிலில் சூடான அந்தக் கூடத்தில், யாரும் தொடாதபடி, கோழி மேசைமேல் நான்கு மணி நேரம் காத்திருந்தது. ஒன்றேகாலுக்கு அது புதியது என்று உறுதியானது. எல்லோரும் எழுந்து நின்று தூய்மை உறுதிமொழி படித்தார்கள். பிறகு சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர் என்று பார்த்தால் தராசுக்காரர் ஒருவர்தான். அலுவலர்கள் அனைவரும் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த டப்பாக்களைத் திறந்தார்கள்.

நான்கு மணிக்கு ஏழாவது தராசின் முன்னால் நின்றபோது அவர் நெற்றி வேர்த்தது. இடுக்கியில் இருந்த கல் நடுங்கியது. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு அறைக்கு ஓடினார். கழிப்பறையிலிருந்து கட்டிலுக்கு எட்டு அடி. முதல் தடவை நடந்தார், மூன்றாம் தடவை சுவரைப் பிடித்தார், ஐந்தாம் தடவை தவழ்ந்தார். குடல் முழுவதையும் யாரோ ஈரத் துணியைப் போல முறுக்கிப் பிழிந்தார்கள்.

விஷயம் தெரிந்து கண்காணிப்பாளர் வந்தார். வாசற்படியைத் தாண்டாமல் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சாப்பாடு சேரலை போலிருக்கு சார்" என்றார் தராசுக்காரர். "ஒரு டாக்டரைக் கூப்பிடுங்க."

"சாப்பாடுன்னு எப்படி சொல்றீங்க? மூணு கையெழுத்து ஆன சாப்பாடு அது. உங்க வயித்துக்கு எத்தனை கையெழுத்து ஆயிருக்கு?"

தராசுக்காரர் யோசித்துப் பார்த்தார். அவருடைய வயிற்றில் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை.

அப்போது மணி ஐந்து. மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. எட்டிக் கையை நீட்டி எடுத்தார்.

"வயிறு இப்ப எப்படிங்க இருக்கு?" என்றது ஒரு பெண் குரல். "தண்ணியாவது குடிச்சீங்களா?"

மனைவிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று அவருக்குக் கண் கலங்கியது. குரல் கொஞ்சம் மாறி இருந்தது. தூரத்திலிருந்து வருகிற குரல் அப்படித்தான் இருக்கும்.

"ரொம்ப முடியலை" என்றார். "தண்ணி கூட நிக்கலை."

 மறுமுனையில் அவள் மெதுவாக, "நீங்க யாரு?" என்றாள்.

கண்காணிப்பாளர் மூக்கை விட்டுவிட்டு இரண்டே எட்டில் உள்ளே வந்தார். ரிசீவரைப் பிடுங்கி வைத்தார். "இந்த போன்ல அப்பப்ப இப்படித்தான் வரும். இனிமே எடுக்காதீங்க. இல்லாத ஆளுக்கு யாரோ பேசுறாங்க."

அன்று இரவு எப்படிப் போனது என்று தராசுக்காரருக்கு நினைவில்லை. விடிந்தபோது தரையில் கிடந்தார். அலமாரிக் கதவு திறந்திருந்தது. இரண்டு சட்டைகளும் பக்கம் பக்கமாகத் தொங்கியதைக் கண்டு, இரண்டில் எது தன்னுடையது என்று சிறிது நேரம் அவருக்குத் தெரியவில்லை.

எட்டு மணிக்கு டாக்டர் வந்தார், சோதனைக்கூடத் தலைவரேதான். தராசுக்காரர் நாக்கை நீட்டிக் காட்டினார். டாக்டர் அதைப் பார்க்கவில்லை.

"சார், நீங்க டாக்டர்தானே?"

"ஆமா. ரொட்டியில வர்ற பூஞ்சையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்கினேன்." மூடி போட்ட கண்ணாடிக் குடுவை ஒன்றை மேசைமேல் வைத்தார். "நீங்க வாந்தி எடுத்ததை இதுல இருநூற்றைம்பது கிராம் கொடுத்தா சோதிச்சுப் பார்க்கலாம்."

தராசுக்காரர் தம் பிடித்து எழுந்து முயன்று பார்த்தார். டாக்டர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இருநூறு கூடத் தேறாது. அதுவும் நம்ம தராசு வேற குறைச்சுக் காட்டும்னு நேத்து நீங்களே சொன்னீங்க. முழுசா இல்லாததை நாங்க வாங்கக் கூடாது. அப்படியே வாங்கினாலும், பதிவு பண்ணின உணவு நிறுவனம்தான் மாதிரி அனுப்பலாம். நீங்க தனி ஆள்." குடுவையைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கழுவ வந்தவள் விடுதியைத் துப்புரவு செய்யும் பெண். ஐம்பது வயது இருக்கும். குடுவையைத் தொடாமல், முதலில் அவரைத் தூக்கிக் கட்டிலில் சாய்த்தாள். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். உப்பும் சர்க்கரையும். கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரில் கலந்து கரண்டி கரண்டியாக ஊட்டினாள்.

"மெதுவா சார். ஒரே மடக்கா குடிச்சா வெளிய வந்துடும்."

"வழக்கமா இப்படி ஆகுமா அக்கா?"

அவள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். "எட்டு மாசத்துக்கு முன்னால இதே கட்டில்ல ஒரு சார் படுத்திருந்தாரு. குளிர்பெட்டி ரிப்பேர் பண்ண வந்தவரு. அவருக்கும் இதே கதி. அவருக்கும் நான்தான் தண்ணி கொடுத்தேன். மறுநாள் மதியம் சக்கர நாற்காலியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரிக்கான்னு கேட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு, அவருக்குச் சரியாயிடுச்சு, ஊருக்குப் போறாருன்னாங்க." கரண்டி டம்ளருக்குள் நின்றது. "அவர் சட்டை அன்னிக்கு ஈரமா கொடியில காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சட்டை இல்லாமயா சார் ஒருத்தர் ஊருக்குப் போவாரு?"

"நேத்து அஞ்சு மணிக்கு ஒரு போன்..."

"அவர் வீட்டம்மா. தினம் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவாங்க. வந்த அன்னிக்கு ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டு இந்த ரூம் நம்பரைக் கொடுத்திருக்காரு, சாயங்காலம் அந்தம்மா கூப்பிட்டப்ப வயிறு சரியில்லைன்னு பேசியிருக்காரு. அந்த நம்பர் இன்னும் அந்தம்மாகிட்ட இருக்கு. நானும் ஒரு நாள் எடுக்கலாம்னு நினைப்பேன். எடுத்து என்னன்னு சொல்றது?"

பதினோரு மணிக்கு இயக்குநர் வந்தார். பின்னால் கண்காணிப்பாளர் ஒரு கோப்போடும், இரண்டு பணியாளர்கள் ஒரு சக்கர நாற்காலியோடும் வந்தார்கள். நாற்காலியைக் கண்டதும் தராசுக்காரர் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

இயக்குநர் கனிவான மனிதர். கட்டில் ஓரத்தில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது தம்பி. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. எங்க வண்டி வாசல்ல நிக்குது. ஆனா ஒண்ணு யோசிங்க. வெளிய நோய் வந்தா அது வியாதி. இங்க உள்ள வந்தா அது புகார். பத்து வருஷமா இந்த நாட்டுல ஒவ்வொரு தாயும் எங்க முத்திரையைப் பார்த்துத்தான் பிள்ளைக்குப் பாக்கெட்டைப் பிரிக்கிறா. அவ நம்பிக்கையை உங்க ஒரு வயித்துக்காக நான் உடைக்கலாமா? நாங்க காப்பாத்துறது உணவை இல்லை தம்பி. உணவை யாரு வேணா காப்பாத்தலாம். நாங்க காப்பாத்துறது நம்பிக்கையை."

"நான் புகார் கொடுக்கலைங்க. ஆஸ்பத்திரிக்குப் போனாப் போதும்."

"அதுக்குத்தான் வந்திருக்கோம்." கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஆணையத்துக்கு வந்தவருக்கு உடம்பு கெட்டா விசாரணை வைக்கணும், சட்டம். வராதவருக்கு எதுவும் ஆக முடியாது. அதனால இதுல ஒரு கையெழுத்து."

தராசுக்காரர் தாளைப் படித்தார். நான் மேற்குறிப்பிட்ட தேதியில் ஆணையத்துக்கு வரவில்லை என்றும், நான்காம் எண் அறையில் தங்கவில்லை என்றும் இங்கு நேரில் ஆஜராகி உறுதி கூறுகிறேன், என்றிருந்தது.

"நேர்ல வந்து எப்படிங்க வரலைன்னு...?"

"வராதவர் கையெழுத்து எப்படிச் செல்லும்? வந்து போட்டாத்தான் செல்லும்" என்றார் கண்காணிப்பாளர். "எங்க போடணும்னு தெரியலைன்னா இந்த மாதிரியைப் பாருங்க."

அவர் காட்டியது முன்பே நிரப்பப்பட்ட இன்னொரு தாள். பெயரைக் கட்டைவிரலால் மறைத்திருந்தார். தேதி தெரிந்தது, எட்டு மாதத்துக்கு முந்தையது. கையெழுத்தின் முதல் எழுத்து அழுத்தமாகத் தொடங்கியிருந்தது. இரண்டாவது சாய்ந்தது. மூன்றாவது கோட்டை விட்டு இறங்கி, தாளின் விளிம்பு வரை ஒரே இழுப்பாகப் போய், விளிம்பைத் தாண்டியிருந்தது.

துப்புரவுப் பெண் கதவருகில் நின்று தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினாள். தராசுக்காரர் அதைப் பார்த்தார். பார்த்தும், வயிற்றில் அடுத்த முறுக்கு எழுந்தபோது பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வாழ்நாளில் தப்பான தராசு ஒன்றுக்குக்கூட முத்திரை வைக்காத கை அது.

"நல்ல மனுஷன்" என்றார் இயக்குநர், கைக்குட்டையை உதறி மடித்தபடி. "இனி உங்களுக்கு ஒண்ணும் ஆகலை."

வண்டி வாயிலைத் தாண்டியதும் இடப்பக்கம் ஆஸ்பத்திரி என்று ஒரு பலகை தெரிந்தது. வண்டி வலப்பக்கம் திரும்பியது. வராத ஒருவரை ஆணையத்தின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேள்வி வருமாம். பேருந்து நிலையத்தில் ஒரு சிமெண்டுப் பெஞ்சில் அவரை இறக்கினார்கள். பை, பெட்டி, செல்போன் எதுவும் தரவில்லை. வராதவருடைய பொருள் உள்ளே இருக்க முடியாது. இல்லாத பொருளை எப்படித் திருப்பிக் கொடுப்பது? பேருந்துகள் வந்தன, போயின. ஜனங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், குடிகாரன் என்று நினைத்திருப்பார்கள். தான் உண்மையிலேயே எங்கும் வரவில்லையோ என்று அவருக்குத் தோன்றியது. வீட்டிலிருந்து கிளம்பவே இல்லையோ?

எத்தனை நேரம் போனதோ, ஒரு கை அவர் தோளை உலுக்கியது. துப்புரவுப் பெண். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது.

"பாதி நாள் லீவு சொல்லிட்டு வந்தேன் சார். இந்தத் தடவை நான் நம்பலை. எழுந்திருங்க. என் மேல சாஞ்சுக்கங்க."

ஒரு வாடகை வண்டியை மறித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வீட்டு எண்ணை அவர் வாயிலிருந்து வாங்கி மனைவிக்குத் தகவலும் சொன்னாள். இரண்டு கைகளிலும் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் அங்கிருந்த மருத்துவர். இவர் உண்மையான மருத்துவர்.

மூன்றாம் நாள், ஊசியை மாற்ற வந்த நர்ஸ் கேட்டாள்: "உங்களையும் அந்த பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேர்ந்துதான் கொண்டு வந்தாங்களாமே? நீங்களாவது பேர் சொன்னீங்க."

"வேற யாரு சொல்லலை?"

"எட்டு மாசம் ஆச்சு. பனியனோட ஒருத்தர். யாரோ வழிப்போக்கர் கொண்டு வந்து போட்டுட்டுப் போனாங்க. பேர் என்னன்னு கேட்டா 'நாலாம் ரூம், நாலாம் ரூம்'னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. ரூம் வேணும்னு கேக்கறாருன்னு நினைச்சு, இது பொது வார்டு, ரூமெல்லாம் கிடையாதுன்னு நானே சொன்னேன்." அவள் ஊசிக் குழாயைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். "மறுநாள் காலைல போயிட்டாரு. ஒரு மாசம் மார்ச்சுவரில வச்சிருந்தோம். யாரும் தேடி வரலை. நகராட்சி இடுகாட்டுல அடக்கம். தகட்டுல அறுபத்தொண்ணாம் நம்பர்."

அன்று மாலை ஐந்து மணிக்கு, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது, தராசுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். எங்கும் எந்த மணியும் அடிக்கவில்லை. மறுநாளும் ஐந்து மணிக்கு அப்படியே செய்தார். மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என்னன்னு சொல்லுங்க."

சொன்னார். கையெழுத்துப் போட்டதையும் சொன்னார். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தம்மா நம்பர் இருக்கா?"

"இல்லை. அந்தக்காவுக்கும் தெரியாது. அந்த ரூம் போன்ல அவங்க கூப்பிட்டாத்தான் உண்டு."

"அப்ப அந்த ரூமுக்குத்தான் போகணும்."

"எப்படிப் போறது? வரவே இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன். எந்த முகத்தோட..."

"எனக்கு அந்தக்கா போன் பண்ணலைன்னா, நானும் இந்நேரம் நீங்க வருவீங்கன்னு சமைச்சு மூடி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். எட்டு மாசங்க. அவங்ககிட்ட சொல்லாம நீங்க வீட்டுக்கு வரக் கூடாது."

ஆஸ்பத்திரியிலிருந்து விடுவித்த அன்று இருவரும் ஆணையத்தின் வாயிலுக்குப் போனார்கள். பத்தாண்டு விழாவுக்குக் கட்டிய வண்ணத் துணிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். காவலாளி பெயரைக் கேட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். உள்ளே ஒட்டியிருந்த ஒரு குறிப்பைப் படித்தார். முகம் குழம்பியது.

"உங்க பேரை இதுல எழுதக் கூடாதுன்னு உத்தரவு. நீங்க வராதவர்."

"ஆமா" என்றார் தராசுக்காரர்.

"பேர் எழுதினவங்களை உள்ள விடலாம். அனுமதி இல்லாம வந்தவங்களைத் தடுக்கலாம். வராதவரைத் தடுக்கணும்னு எங்கயும் போடலையே." காவலாளி சுற்றிலும் பார்த்தார். தராசுக்காரரின் மஞ்சளோடிய முகத்தையும் பார்த்தார். பிறகு முதுகைத் திருப்பி நின்று பதிவேட்டில் கோடு போடத் தொடங்கினார். இருவரும் உள்ளே நடந்தார்கள். நடைபாதையில் எதிரே வந்த டாக்டர் ஒரு கணம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, யாரும் இல்லாத பாதையில் நடப்பவரைப் போல நேராகப் போய்விட்டார்.

நான்காம் அறையில் துப்புரவுப் பெண் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். நாளைக்கு யாரோ குழாய் வேலைக்கு வருகிறாராம். இவர்களைப் பார்த்ததும் விரிப்பை விட்டுவிட்டாள். நர்ஸ் சொன்னதைத் தராசுக்காரர் அவளிடம் சொன்னார். அவள் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.  வெளியே தோட்டத்தில் யாரோ நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"வயிறு இப்ப எப்படிங்க இருக்கு?"

"அம்மா, நான் அவர் இல்லைங்க" என்றார் தராசுக்காரர். "அன்னிக்குப் பேசினது நான்தான். அவருக்கு அப்புறம் இந்த ரூம்ல இருந்தவன்."

"தெரியும்" என்றாள் அவள். "எட்டு மாசத்துல அன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் எடுத்தீங்க. நான் நேர்ல வந்தேங்க. அவர் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினாங்க. இது அவர் கையெழுத்துதானான்னு போலீஸ்காரர் கேட்டாரு. அவர் கையெழுத்தை நான் இல்லைன்னு சொல்ல முடியுமா? ஆமான்னேன். அப்ப அவர் வரலைன்னு முடிவாயிடுச்சு."

"வந்தாரும்மா" என்றார் அவர்.  "அவர் இங்க வந்தாரு. இந்தக் கட்டில்லதான் படுத்திருந்தாரு."

பிறகு பெஞ்சைச் சொன்னார். ஆஸ்பத்திரியைச் சொன்னார். இடுகாட்டையும் அறுபத்தொன்று என்ற எண்ணையும் சொன்னார். நாளைக்கு இடுகாட்டு வாயிலில் தானும் தன் மனைவியும் காத்திருப்பதாகவும், நர்ஸ் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருப்பதாகவும், தான் கையெழுத்துப் போட்டது பொய் என்று தானே போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். மறுமுனையில் அழுகை இல்லை. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வது கேட்டது. எழுதி முடித்ததும் கேட்டாள்:

"அவருக்கு யாராவது தண்ணி கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்கம்மா."

"யாரு?"

தராசுக்காரர் ரிசீவரை நீட்டினார். சுவரோரம் நின்றவள் இரண்டு கைகளையும் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்பது வருடமாகத் தான் பெருக்கித் துடைத்த அந்த அறையின் கட்டிலில் முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

"நான்தாம்மா" என்றாள். "உப்பும் சர்க்கரையும் போட்டு, கரண்டியில கொடுத்தேன். நாலு கரண்டி குடிச்சாரு."